ரிப்பீட்டர் பேசவில்லையா? ரிக்குக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவிலுள்ள வயரில் தொடங்குங்கள்

மழைக்காலம் தொடங்கிவிட்டால் ஏதாவது ஒரு மலை உச்சியிலிருந்து எனக்கு அழைப்பு வந்துவிடும். "அண்ணே, ரிப்பீட்டர் எழமாட்டேங்குது. நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு." ஹாம் என்ற பொழுதுபோக்கு வானொலியில், ஒருவர் பேசுவதைக் கேட்டு அதையே இன்னொரு அலைவரிசையில் உடனே திரும்ப ஒலிபரப்பும் நிலையம்தான் ரிப்பீட்டர். இத்தனை வருடங்களில் நான் போய்ப் பார்த்தவற்றில் பெரும்பாலானவற்றில் ரிக்கும், அதாவது ரேடியோ கருவியும், கெட்டிருக்கவில்லை, கன்ட்ரோலரும் கெட்டிருக்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஓடும் ஐந்து வயர்களில் ஒன்றில்தான் கோளாறு. ஒரு முறை எலி கடித்திருந்தது, ஒரு முறை பின்னில் பச்சை பூத்திருந்தது, இன்னொரு முறை யாரோ நல்லெண்ணத்தில் மெனுவை மாற்றி வைத்திருந்தார்கள்.

மேலே போய் நிற்பவர் கைபேசியில் வைத்துப் படித்துக்கொண்டே வேலை செய்ய வசதியாக, அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் அதற்கு முன் அடுத்த பகுதியை மட்டும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

## கை வைப்பதற்கு முன்

நான் பேசுவது வண்டியில் பொருத்திப் பேசும் ரேடியோக்கள் இரண்டை வைத்துக் கட்டிய ரிப்பீட்டரைப் பற்றி. ஒரு ரிக் கேட்கும், இன்னொன்று ஒலிபரப்பும், எப்போது ஒலிபரப்புவது என்று முடிவுசெய்யும் கன்ட்ரோலர் நடுவில் உட்கார்ந்திருக்கும். 2 மீட்டர் பட்டையில் இரண்டு அலைவரிசைகளுக்கும் இடைவெளி 600 கிலோஹெர்ட்ஸ்தான். கன்ட்ரோலருக்கும் ரிக்குகளுக்கும் நடுவில் போவது ஐந்தே சங்கதி: கேட்கும் ரிக்கிலிருந்து ஒலி, "யாரோ பேசுகிறார்கள்" என்று சொல்லும் சிஓஆர், ஒலிபரப்பும் ரிக்குக்குள் போகும் ஒலி, அதை அழுத்திவிடும் பிடிடி, அப்புறம் கிரவுண்டு.

எடுத்துப்போக வேண்டியவை: மல்டிமீட்டர், இரண்டு ஹேண்டி (கையில் பிடித்துப் பேசும் ரேடியோ), ஆன்டெனாவுக்குப் பதில் மாட்டும் 50 ஓம் டம்மி லோடு, இரு முனையிலும் முதலை கிளிப் வைத்த ஒரு முழ வயர், சால்டரிங் அயர்ன், இரண்டு ரிக்குகளின் பின் படம் அச்சடித்த தாள். மலையில் சிக்னல் கிடைத்து இணையத்தில் படத்தைத் தேடிக்கொள்ளலாம் என்று நம்பிப் போகாதீர்கள்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் நான் பின்பற்றுவது ஒரே முறை. கன்ட்ரோலரைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அதன் வேலையை நானே கையால் செய்து பார்ப்பேன். பிடிடி வயரை முதலை கிளிப்பால் கிரவுண்டில் தொடுவேன். சிஓஆர் வயரை மீட்டரில் பார்ப்பேன். கையால் செய்தால் ரிக் ஒழுங்காக நடந்துகொள்கிறது என்றால், கோளாறு கன்ட்ரோலர் பக்கம். கையால் செய்தும் நடக்கவில்லை என்றால் ரிக் பக்கம். இந்த ஒரு கேள்விக்குப் பதில் கிடைக்கும்வரை கன்ட்ரோலரின் எந்த அமைப்பையும் மாற்றாதீர்கள். மாற்றிவிட்டால் ஒரு கோளாறு இரண்டாகிவிடும்.

ஆன்டெனாவோ டம்மி லோடோ மாட்டாமல் ரிக்கை ஒலிபரப்ப விடக்கூடாது. சோதிக்கும் ஹேண்டியை மிகக் குறைந்த வாட்டில் வையுங்கள். முடிந்தால் இன்னொருவரை நூறு அடி தள்ளி நிற்கச் சொல்லுங்கள். பக்கத்திலேயே நின்று அழுத்தினால் அந்த அலையே வயர்களுக்குள் புகுந்து பொய்யான அறிகுறியைக் காட்டும்.

## அறிகுறி: அழுத்தினால் ரிப்பீட்டர் எழவே இல்லை

அதிகம் வரும் புகார் இதுதான். சிக்னல் போகும் வழியிலேயே நடந்துபோய்ப் பாருங்கள்.

### கேட்கும் ரிக்கில் பிஸி விளக்கு எரியவில்லை என்றால்

முதலில் ரிக் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். மின்சாரம் போய் வந்தால் சில ரிக் தானாக ஆன் ஆகாது. ஹாம் ரிக் பலவற்றில் குறிப்பிட்ட நேரம் யாரும் தொடாவிட்டால் தானே அணைந்துவிடும் வசதி இருக்கிறது. அதை நிறுத்தி வைத்திருக்கிறீர்களா? அலைவரிசை தவறி நகர்ந்திருக்கிறதா? சிக்னல் இல்லாதபோது இரைச்சலை அடைக்கும் ஸ்கெல்ச் குமிழ் இறுக்கமாகத் திரும்பியிருக்கிறதா?

இவையெல்லாம் சரி, விளக்கு மட்டும் எரியவில்லை என்றால், ஆன்டெனா கேபிளைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு சாண் வயரைச் செருகி, தள்ளி நின்று ஹேண்டியை அழுத்துங்கள். இப்போது விளக்கு எரிந்தால் ரிக் நன்றாக இருக்கிறது. கோளாறு கேபிள், டியூப்ளெக்சர் (ஒரே ஆன்டெனாவில் கேட்பதையும் ஒலிபரப்புவதையும் பிரித்து வைக்கும் வடிகட்டி), ஆன்டெனா பக்கம். கேபிள் முனை கனெக்டரில் தண்ணீர் இறங்கியிருக்கிறதா என்பதை மட்டும் நீங்கள் பார்க்கலாம். கோபுரத்தில் ஏறுவது இடுப்புப் பட்டையும் பயிற்சியும் உள்ளவரின் வேலை. அங்கே ஆளைக் கூப்பிடுங்கள்.

### பிஸி விளக்கு எரிகிறது, கன்ட்ரோலர் அசையவில்லை என்றால்

சிஓஆர் வயர். என் அனுபவத்தில் கோளாறு அதிகம் ஒளிந்திருக்கும் இடம்.

மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, சிஓஆர் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் பிடியுங்கள். யாரும் பேசாதபோது ஒரு அளவு, ஹேண்டியை அழுத்தும்போது இன்னொரு அளவு காட்ட வேண்டும். 5 வோல்ட் இருந்து அரை வோல்ட்டுக்குக் கீழே விழலாம், அல்லது 0 இருந்து மேலே ஏறலாம். எது எப்படி என்பது ரிக்கைப் பொறுத்தது. மாறுகிறதா என்பதுதான் கேள்வி.

மாறவில்லை என்றால் சோதிக்க வேண்டிய வரிசை:

பின் எண்ணைச் சரிபாருங்கள். ஹாம் ரிக்கின் பின்பக்க டேட்டா போர்ட்டான 6 பின் மினி டின் கனெக்டரில் 1 ஒலி உள்ளே, 2 கிரவுண்டு, 3 பிடிடி, 4 வடிகட்டாத 9600 ஒலி வெளியே, 5 வடிகட்டிய 1200 ஒலி வெளியே, 6 ஸ்கெல்ச், அதாவது சிஓஆர். 1200, 9600 என்பவை டேட்டா அனுப்பும் வேகங்கள். படத்தை முன்பக்கமிருந்து வரைந்திருப்பார்கள், நாம் பின்பக்கமிருந்து பற்றவைப்போம், இடம் வலமாகிவிடும். புதிதாகக் கட்டிய ரிப்பீட்டர் முதல் நாளே எழவில்லை என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

அடுத்து, இரட்டைப் பட்டை ரிக்காக இருந்தால், பின்பக்க டேட்டா போர்ட் எந்தப் பட்டையைப் பின்பற்றுகிறது என்று மெனுவில் பாருங்கள். முகப்பில் யாராவது பட்டையை மாற்றியிருந்தால் போர்ட்டும் கூடவே மாறிப்போயிருக்கும். மோட்டோரோலா ஜிஎம் 300 போன்ற வணிக ரிக்குகளில் பின்பக்க 16 பின் சாக்கெட்டின் சில பின்களுக்கு என்ன வேலை என்பதை நிரல் மென்பொருளில்தான் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டிருந்தால் வயர் எவ்வளவு சரியாக இருந்தாலும் அந்தப் பின் ஊமையாகவே இருக்கும்.

அதற்கும் பிறகு புல்-அப். பல ரிக்குகளின் சிஓஆர் பின் தானாக வோல்டேஜ் தராது, கிரவுண்டுக்கு இழுத்துவிட மட்டும்தான் அதற்குத் தெரியும். மேலே பிடித்து வைக்க, பின்னுக்கும் 5 வோல்ட்டுக்கும் நடுவில் 4.7 கிலோ ஓம் அல்லது 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று வேண்டும். கன்ட்ரோலருக்குள்ளேயே அது இருந்தால் நல்லது. இல்லையென்றால் மீட்டரில் அலைபாயும் ஏதோ ஒரு எண் தெரியும், அர்த்தமே இருக்காது.

மாறுகிறது, ஆனாலும் கன்ட்ரோலர் கண்டுகொள்ளவில்லை என்றால், அது தலைகீழாக எதிர்பார்க்கிறது. ரிக் கீழே இழுக்கிறது, கன்ட்ரோலர் மேலே ஏறும் என்று காத்திருக்கிறது. கன்ட்ரோலரில் ஜம்பரோ, மென்பொருளில் ஒரு வரியோ மாற்றினால் போதும். ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியைக் கன்ட்ரோலராக வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அதன் ஜிபிஐஓ பின்கள் 3.3 வோல்ட்டுக்கானவை. 5 வோல்ட் சிஓஆரை நேராகக் கொடுத்தால் அந்தப் பின் போய்விடும், சில நேரம் போர்டே போய்விடும். நடுவில் ஒரு டிரான்சிஸ்டரோ பிசி 817 (PC817) போன்ற ஆப்டோகப்ளரோ வையுங்கள்.

### கன்ட்ரோலர் விழிக்கிறது, ஒலிபரப்பு இல்லை என்றால்

கன்ட்ரோலரின் பிடிடி வயரைக் கழற்றுங்கள். ரிக்கின் பிடிடி பின்னை முதலை கிளிப்பால் கிரவுண்டில் தொடுங்கள்.

ரிக் ஒலிபரப்பினால் ரிக் சரி. கன்ட்ரோலரின் வெளியேற்ற டிரான்சிஸ்டரோ, அங்கிருந்து வரும் வயரோ போயிருக்கிறது. டிரான்சிஸ்டர் பெரும்பாலும் பிசி 547 (BC547) அல்லது 2என் 7000 ஆக இருக்கும். சில ரூபாய் சாமான். உங்கள் ஊர் எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும், பத்து நிமிடத்தில் மாற்றிவிடலாம். பிடிடிக்கு ரிலே வைத்திருந்தால் அதன் காயிலுக்குக் குறுக்கே டயோடு இருக்கிறதா என்று பாருங்கள். டயோடு இல்லாத ரிலே ஒவ்வொரு முறை விடும்போதும் டிரான்சிஸ்டரை அடித்துக்கொண்டே இருக்கும். மூடாத ரிலேவுக்குள் எறும்பு போய் காண்டாக்டுக்கு நடுவில் நசுங்கிக் கிடந்ததையும் பார்த்திருக்கிறேன். காண்டாக்டைத் துடைத்ததும் ரிப்பீட்டர் எழுந்துவிட்டது.

கிரவுண்டில் தொட்டும் ரிக் ஒலிபரப்பவில்லை என்றால், அதன் மைக்கை மாட்டி அழுத்திப் பாருங்கள். மைக்கில் வேலை செய்தால் பின்பக்கப் பின்னின் நிரலோ வயரோ காரணம். மைக்கிலும் செய்யவில்லை என்றால் ஒலிபரப்புத் தடை, கேட்க மட்டுமான சேனல், மின்வழங்கி ஆகியவற்றை வரிசையாகப் பாருங்கள். இவை மூன்றும் சரியாக இருந்தும் வாட் வரவில்லை என்றால், ரிக்கின் இறுதி டிரான்சிஸ்டர் போயிருக்கும். அது சர்வீஸ் கடை வேலை. மலையில் உட்கார்ந்து திறக்காதீர்கள்.

## அறிகுறி: ஒலிபரப்பு நிற்கவே இல்லை

இதைக் கேள்விப்பட்டால் தாமதிக்காமல் ஓட வேண்டும். அலைவரிசையை அடைத்துக்கொண்டு நிற்கும், ரிக்கும் வெந்துவிடும்.

முதலில் பிடிடி வயரைப் பிடுங்குங்கள். அதன்பிறகும் ரிக் ஒலிபரப்பிக்கொண்டே இருந்தால், ரிக் பக்கம் எங்கோ அந்த வயர் கிரவுண்டில் ஒட்டியிருக்கிறது. கனெக்டரில் சால்டர் இழை ஒன்று பக்கத்துப் பின்னைத் தொட்டிருக்கும், அல்லது கேபிளை மடக்கிக் கட்டிய இடத்தில் உள் வயரின் தோல் உரிந்து ஷீல்டில் பட்டிருக்கும்.

பிடுங்கியதும் நின்றுவிட்டால், அடுத்து சிஓஆர் வயரைப் பிடுங்கிவிட்டு பிடிடியைத் திரும்ப மாட்டுங்கள். இப்போது அமைதியாக இருந்தால் கன்ட்ரோலர் மேல் குற்றமில்லை. "யாரோ பேசுகிறார்கள்" என்று கேட்கும் ரிக்தான் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஸ்கெல்ச் தளர்ந்திருக்கும், அல்லது பக்கத்துக் கருவி ஏதோ இரைச்சல் தருகிறது. எல்இடி விளக்கு, சோலார் சார்ஜ் கன்ட்ரோலர், மலிவான எஸ்எம்பிஎஸ் மின்வழங்கி இவற்றை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். சோலார் சார்ஜர் தரும் இரைச்சல் வெயில் ஏறும்போது வந்து, சாயங்காலம் போய்விடும். அதனால் இரவில் போய்ப் பார்ப்பவர் கையில் சிக்காது.

இரண்டு வயரையும் கழற்றி வைத்தும் கன்ட்ரோலரின் பிடிடி விளக்கு எரிந்துகொண்டே இருந்தால், கன்ட்ரோலர் போயிருக்கிறது. இடி விழுந்த மறுநாள் இது நடந்தால் உள்ளீட்டுச் சிப்பை மாற்றிப் பார்க்கலாம். ஆனால் ஒன்று அடிபட்டிருந்தால் பக்கத்தில் இருப்பதும் அடிபட்டிருக்கும். பழுதுபார்ப்பவரிடம் முழு போர்டையும் கொடுங்கள்.

ஊர் திரும்புமுன், டைம் அவுட் டைமரை இரண்டு இடத்திலும் வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். கன்ட்ரோலரில் 3 நிமிடம் வைத்தால் ரிக்கில் அதைவிடச் சற்று அதிகம். கன்ட்ரோலர் பைத்தியம் பிடித்து நின்றாலும் ரிக் தானே வாயை மூடிக்கொள்ளும்.

## அறிகுறி: கேரியர் வருகிறது, குரல் இல்லை

கேரியர் என்பது குரல் ஏறாத வெறும் அலை. கன்ட்ரோலரின் அடையாள ஒலி, அதாவது மோர்ஸில் போகும் அழைப்புக்குறி, கேட்கிறதா? இந்த ஒரு கேள்வி பாதி வேலையை முடித்துவிடும்.

அடையாள ஒலி கேட்கிறது, பேசுபவர் குரல் மட்டும் இல்லை. கேட்கும் ரிக்கிலிருந்து வரும் ஒலி வயர்தான். மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஒருவரை நீளமாக "ஆ" என்று சொல்லச் சொல்லுங்கள். பின்னில் சில நூறு மில்லிவோல்ட் ஆட வேண்டும். ரிக் பக்கம் ஆடுகிறது, கன்ட்ரோலர் பக்கம் ஆடவில்லை என்றால் நடுவில் வயர் அறுந்திருக்கிறது. ஒலியை ஸ்பீக்கர் பின்னிலிருந்து எடுத்திருந்தால் வால்யூம் குமிழைப் பாருங்கள். அறையைக் கூட்டிப் பெருக்க வந்தவர் சத்தம் தாங்காமல் குறைத்து வைத்திருப்பார். முடிந்தவரை ஒலியை வால்யூமுக்குக் கட்டுப்படாத பின்னிலிருந்து எடுங்கள்.

ஸ்பீக்கர் பின்னைத் தொடுபவர்கள் இதை மனதில் வையுங்கள்: ஜிஎம் 300 உட்பட பல வணிக ரிக்குகளில் ஸ்பீக்கரின் இரண்டு முனையும் மிதப்பவை. ஒன்றைக் கிரவுண்டு என்று நினைத்துக் கன்ட்ரோலரின் கிரவுண்டில் கட்டினால் ஒலிப்பெருக்கிச் சிப் எரிந்துவிடும். இப்படி ஒரு நல்ல ரிக் போனதை நேரில் பார்த்தவன் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

அடையாள ஒலியும் இல்லை. ஒலிபரப்பும் ரிக்குக்குள் போகும் வயர். இங்கே ஒரு பொறி இருக்கிறது. பல ஹாம் ரிக்குகளில் டேட்டா போர்ட்டின் பிடிடியை இழுத்தால் முகப்பு மைக் தானாக அணைந்துவிடும். பிடிடியை டேட்டா போர்ட்டிலும் ஒலியை மைக் சாக்கெட்டிலும் கொடுத்திருந்தால் கேரியர் மட்டும் போகும், குரல் போகாது. இரண்டையும் ஒரே சாக்கெட்டில் கொடுங்கள்.

## அறிகுறி: குரல் வருகிறது, ஆனால் கேட்கச் சகிக்கவில்லை

### மெலிசாக இருக்கிறது, அல்லது நொறுங்குகிறது

டேட்டா போர்ட் ரிக்காக இருந்தால் மெனுவில் 1200, 9600 எது என்று பாருங்கள். 1200 அமைப்பில் உள்ளே போக வேண்டியது சுமார் 40 மில்லிவோல்ட், 9600 அமைப்பில் சுமார் 2 வோல்ட். இரண்டும் உச்சிக்கு உச்சி அளவு. ஐம்பது மடங்கு வித்தியாசம். 9600-க்குச் சரிசெய்த கன்ட்ரோலரை 1200-இல் விட்டால் குரல் கிழியும். மாற்றி விட்டால் கிசுகிசு என்று தூரத்தில் கேட்கும். கன்ட்ரோலரில் ஒலி அளவை வைக்கும் டிரிம்மரைத் திருகுவதற்கு முன் இதைப் பார்த்துவிட்டால் ஒரு மதியம் மிச்சமாகும்.

அளவை வைக்கும் முறை: 25 கிலோஹெர்ட்ஸ் சேனலில் உச்ச டீவியேஷன், அதாவது ஒலிக்கேற்ப அலைவரிசை விலகும் அளவு, 5 கிலோஹெர்ட்ஸ். 1 கிலோஹெர்ட்ஸ் டோனை 3 கிலோஹெர்ட்ஸ் டீவியேஷனில் உள்ளே கொடுத்தால், வெளியேயும் 3 வர வேண்டும். அளக்கும் கருவி இல்லாதவர்கள் மூன்றாவது ரிசீவர் ஒன்றை வைத்து, ஒரே ஆளின் குரலை நேரடி அலைவரிசையிலும் ரிப்பீட்டர் வழியாகவும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். சத்தம் ஒன்றுபோல் ஆகும்வரை டிரிம்மரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். காது இதில் நல்ல கருவிதான். ஆனால் பக்கத்துச் சேனல்காரர் புகார் சொன்னால் காதை நம்பாமல் சர்வீஸ் மானிட்டர் வைத்திருப்பவரை அழையுங்கள்.

### கீச்சென்று கூர்மையாக, அல்லது போர்வைக்குள் பேசுவது போல

எஃப்எம் ரிக் பேசும்போது உயர் சுருதிகளைத் தூக்கி அனுப்பும், கேட்கும்போது அதே அளவுக்கு இறக்கும். ஒரு பக்கம் வடிகட்டாத ஒலி, இன்னொரு பக்கம் மைக் உள்ளீடு என்று கலந்து கட்டினால் தூக்கல் இரண்டு முறை நடக்கும். குரல் தகரத்தில் கீறுவது போல இருக்கும். மாற்றிக் கலந்தால் தூக்கலே இருக்காது, மொந்தையாகக் கேட்கும். வடிகட்டாத ஒலியை எடுத்தால் வடிகட்டாத உள்ளீட்டில் கொடுங்கள், வடிகட்டியதை எடுத்தால் மைக் பக்கம் கொடுங்கள். கன்ட்ரோலரிலேயே திருத்தும் வசதி இருந்தால் அது ஒரே இடத்தில் மட்டும் இயங்கட்டும்.

### கூடவே "ம்ம்ம்" என்று ரீங்காரம்

எல்லாவற்றையும் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து பிரித்து, ஒரே 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். ரீங்காரம் போய்விட்டால் மின்வழங்கிதான் காரணம், அல்லது இரண்டு மின்வழங்கிகளுக்கு நடுவில் கிரவுண்டு வளையம் இருக்கிறது. ரிக், கன்ட்ரோலர் எல்லாவற்றின் கிரவுண்டையும் ஒரே போல்ட்டில் கொண்டுவந்து சேருங்கள். ஒலி வயரின் ஷீல்டை ஒரு முனையில் மட்டும் கட்டுங்கள். அதற்கும் போகவில்லை என்றால் ஒலி வழியில் 600 ஓம்–600 ஓம் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று வைத்தால் அடங்கிவிடும். பேட்டரியிலும் ரீங்காரம் இருந்தால் ஷீல்டு எங்கோ அறுந்திருக்கிறது. ஆட்டி ஆட்டிப் பாருங்கள், அகப்பட்டுவிடும்.

## அறிகுறி: குறைந்த வாட்டில் சரி, முழு வாட்டில் தடுமாறுகிறது

எழுந்து எழுந்து விழும், தானே படபடக்கும், பேச்சு நடுவில் வெட்டிப்போகும். இதற்குக் காரணம் இரண்டு, அறிகுறி ஒன்று. அதனால்தான் பலர் தவறான காரணத்தைத் துரத்துகிறார்கள். ஒன்று, ஒலிபரப்பும் அலை வயர் வழியாகக் கன்ட்ரோலருக்குள் புகுவது. மற்றது, அந்த அலை கேட்கும் ரிக்கின் காதை அடைப்பது.

இரண்டையும் பிரிக்க மறுபடியும் கை வேலைதான். கன்ட்ரோலரின் பிடிடியைக் கழற்றுங்கள். தூரத்தில் ஒருவரை, இரைச்சலோடு கேட்கும் அளவுக்குப் பலவீனமான சிக்னலில் பேசிக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். கேட்கும் ரிக்கின் ஸ்பீக்கரில் காதை வைத்தபடி, ஒலிபரப்பும் ரிக்கின் பிடிடியைக் கையால் கிரவுண்டில் தொடுங்கள்.

தொட்டதும் இரைச்சல் ஏறி அவர் குரல் மூழ்கினால், காது அடைகிறது. கன்ட்ரோலருக்கும் வயருக்கும் இதில் பங்கில்லை. டியூப்ளெக்சர், கேபிள், ஆன்டெனா பக்கம் போங்கள். ஒலிபரப்பை டம்மி லோடில் விட்டும் மூழ்கினால், ரிக்குகள் நேரடியாக ஒன்றுக்குள் ஒன்று கசிகின்றன: நடுவில் உலோகத் தடுப்பு, இரட்டை ஷீல்டு கேபிள். டம்மி லோடில் சரியாகி ஆன்டெனாவில் மூழ்கினால் டியூப்ளெக்சரைச் சந்தேகப்படுங்கள். 600 கிலோஹெர்ட்ஸ் இடைவெளிக்கு 80 டெசிபலையும் தாண்டிய பிரிப்பு வேண்டும். கையில் வைத்திருக்கும் நானோ விஎன்ஏ என்ற சிறிய அளவி சுமார் 70 டெசிபலுக்கு மேல் நம்பகமாகக் காட்டாது. அதை வைத்து டியூப்ளெக்சர் திருகுகளைத் திருப்பினால் இருந்ததும் போகும். சரியான கருவி உள்ளவரிடம் கொண்டுபோங்கள். இந்தக் கட்டுரையில் செலவு அதிகமுள்ள இடம் இதுதான், செலவிடத் தகுந்த இடமும் கூட.

குரல் மூழ்கவில்லை, கன்ட்ரோலரை மாட்டினால் மட்டும் படபடக்கிறது என்றால், அலை வயருக்குள் போகிறது. கன்ட்ரோலரை உலோகப் பெட்டிக்குள் வையுங்கள். ஒவ்வொரு வயரும் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் 102 என்று எழுதிய செராமிக் கெப்பாசிட்டரை, அதாவது 1 நானோஃபாரட், கிரவுண்டுக்குப் பற்றவையுங்கள். வயரை ஃபெரைட் வளையத்தில் நான்கைந்து சுற்றுச் சுற்றுங்கள். வயரை நீளமாக விட்டுச் சுருட்டி வைக்காதீர்கள், வெட்டிக் குட்டையாக்குங்கள்.

## அறிகுறி: டோன் வேலை செய்யவில்லை

சிலருக்கு எழுகிறது, சிலருக்கு எழவில்லை. எழாதவர்கள் சிடிசிஎஸ்எஸ் டோனை (ரிப்பீட்டர் எழுவதற்காகக் குரலோடு சேர்த்து அனுப்பும் தாழ்ந்த ஒலி) வைக்கவில்லை, அல்லது தவறாக வைத்திருக்கிறார்கள். கேட்டுத் தெரிந்துகொண்டு மலை ஏறுங்கள்.

ஒருவருக்கும் எழவில்லை, டோன் சோதனையை எடுத்துவிட்டால் எழுகிறது. டோனைக் கன்ட்ரோலர் கண்டுபிடிக்க வேண்டும் என்று வைத்துவிட்டு, ஒலியை வடிகட்டிய பின்னிலிருந்து எடுத்திருக்கிறீர்கள். 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை அந்தப் பின் வெட்டிவிடும். டோன் அங்கே வந்து சேரவே சேராது. வடிகட்டாத பின்னுக்கு மாறுங்கள், அல்லது டோன் பார்க்கும் வேலையை ரிக்கிடமே விடுங்கள். இரண்டாவது எனக்குப் பிடித்த வழி. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், மோசமான மின்வழங்கியின் ரீங்காரம் 100 ஹெர்ட்ஸில் வரும். ஆகவே புதிதாக டோன் தேர்ந்தெடுக்கும்போது 100.0-ஐத் தவிர்த்துவிடுவது நல்லது.

டிடிஎம்எஃப் கட்டளை, அதாவது பொத்தானை அழுத்தி இரட்டை டோனில் அனுப்பும் கட்டளை, ஏற்கவில்லை. ஒலி அளவைக் குறைத்துப் பாருங்கள். பெரும்பாலும் அதிகச் சத்தத்தில் டோன் நசுங்கியிருக்கும். வடிகட்டாத ஒலியைத் திருத்தாமல் கொடுத்தால், ஒரு பொத்தானின் இரண்டு டோன்களில் மேல் டோன் கீழ் டோனைவிட ஏறத்தாழ 5 டெசிபல் தூக்கி நிற்கும். சில டிகோடர்கள் அதை ஏற்காது. மேலே குரலுக்குச் சொன்ன திருத்தமே இதற்கும்.

## அறிகுறி: நன்றாக ஓடுகிறது, கொஞ்ச நேரத்தில் செத்துவிடுகிறது

சரியாக 3 நிமிடத்தில் நின்றால் டைமர். நேரம் மாறி மாறி நின்றால் சூடோ வோல்டேஜோ.

ஒலிபரப்பும்போது, மின்வழங்கியில் அல்லாமல், ரிக்கின் பவர் சாக்கெட்டிலேயே வோல்டேஜை அளந்து பாருங்கள். மின்வழங்கியில் 13.8 காட்டும், ரிக்கில் 12-க்குக் கீழே கிடக்கும். 1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் 3 மீட்டர் தூரத்துக்கு, போக வர 6 மீட்டர், 10 ஆம்பியர் ஓடினால் 1 வோல்ட் வழியிலேயே போய்விடும். தடித்த வயர் போடுங்கள். ஃபியூஸ் ஹோல்டரைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் அதன் காண்டாக்ட் தேய்ந்திருக்கிறது.

வண்டி ரேடியோக்கள் விட்டு விட்டுப் பேசுவதற்காகச் செய்தவை. 50 வாட் ரிக்கை ரிப்பீட்டரில் 10 அல்லது 15 வாட்டில் ஓட்டுங்கள், பின்னால் ஒரு விசிறி வையுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது மின்சாரமும் கைபேசியும் பல நாள் இல்லை. அப்படிப்பட்ட வாரத்தில்தான் ரிப்பீட்டர் மணிக்கணக்கில் ஓய்வில்லாமல் பேச வேண்டிவரும். சாதாரண நாளில் தாங்குகிறதே என்று 50 வாட்டில் விட்டு வைத்தால், அந்த வாரத்தின் முதல் நாளே ரிக் போய்விடும்.

## மலையை விட்டு இறங்குமுன்

ஒவ்வொரு கனெக்டரையும் பிடித்து ஆட்டிக்கொண்டே ஒருவரைப் பேசச் சொல்லுங்கள். மெயின் சுவிட்சை அணைத்து, ஒரு நிமிடம் விட்டுப் போட்டு, எல்லாம் தானாக எழுகிறதா என்று பாருங்கள். வயர் நுழையும் ஓட்டைகளை அடையுங்கள். எலி மறுபடி வரும்.

அப்புறம் ஒரு தாளில் எழுதுங்கள்: சிஓஆர் சும்மா இருக்கும்போது எத்தனை வோல்ட், யாராவது பேசும்போது எத்தனை, பிடிடி இரண்டு நிலையிலும் எத்தனை, ஒலிபரப்பும்போது ரிக்கின் சாக்கெட்டில் எத்தனை, மெனுவில் 1200-ஆ 9600-ஆ, எந்த நிற வயர் எந்தப் பின், இன்றைய தேதி. பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். பேட்டரிக்கு மேலே வைக்காதீர்கள், அமில ஆவியில் தாள் இற்றுப்போகும்.